ஹேமக் கேம்பிங்: எதைப் பங்கு போடலாம், எதைக் கூடாது?

பெரியவங்களுக்கான தூளிதான் ஹேமக். நாலு பேர் சேர்ந்து கேம்பிங் போனா, எல்லாரும் எல்லாத்தையும் தூக்க வேண்டியதில்லை. அதுக்காக எல்லாத்தையும் பங்கு போடவும் முடியாது.

ஸ்டவ், பாத்திரம், வாட்டர் ஃபில்டர், முதலுதவிப் பெட்டி எல்லாம் நாலு பேருக்கு ஒரு செட் போதும். ஆனா முதுகுக்குக் கீழ போடுற பேட் ஆளுக்கு ஒன்னு கட்டாயம். தூளிக்கு அடியில காத்து ஓடும். ஸ்லீப்பிங் பேக் நம்ம எடையில நசுங்கிடுறதால அந்தக் குளிரைத் தடுக்காது.

தார்ப்பாய்? ரெண்டு ஹேமக்கை அதே ரெண்டு மரத்துல பக்கத்துப் பக்கத்துல கட்டினா, பெருசா ஒன்னு போதும். இங்கதான் ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் வருது. கட்டுற பட்டை கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வுல இருந்தா, ஒவ்வொரு பக்கமும் இழுவிசை நம்ம எடை அளவு இருக்கும். 60 கிலோ ஆளுக்கு 60 கிலோ. இறுக்கிக் கட்டி 15 டிகிரி ஆக்கினா சுமார் 116 கிலோ. ரெண்டு பேர்னா அந்த ஒரே மரத்துக்கு 232!

அதனால பங்கு போடுற மரம் உயிரோட, தடியா இருக்கணும். பட்டையைத் தளர்வா கட்டணும். மேலயும் கீழயும் அடுக்கித் தொங்கவே கூடாது. மேல இருக்கிறது அறுந்தா கீழ படுத்திருக்கிறவர் மேலதான் விழும்.

கடைசியா ஒன்னு: யார் எதைத் தூக்குறாங்கன்னு முந்தின நாளே எழுதிடுங்க. ஸ்டவ் வச்சிருக்கிற ஆள் வரலைன்னா நாலு பேருக்கும் பட்டினிதான்.