செக் புக்கின் அடிக்கட்டை

"இந்த செக் பாஸாகுமா நானா?" புல்மோட்டையில் கடை வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் பழக்கமான கேள்வி இது. இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்ட செக்கை நம்பித்தான் மொத்த வியாபாரிகள் நமக்குச் சரக்கு தருகிறார்கள்.

'செக் புக்' என்ற ஆங்கிலக் கூட்டுச் சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். அரபியிலுள்ள 'ஸக்' என்பதிலிருந்தே 'செக்' வந்தது என்று நம்மவர் பலர் கூறுவர். அப்பாஸியர் காலத்து முஸ்லிம் வர்த்தகர்கள் ஸக் எனும் பணக் கட்டளையைப் பயன்படுத்தியது உண்மையே. ஆனால் ஆங்கில அகராதிகள் வேறு வழியைக் காட்டுகின்றன. பாரசீகத்தில் 'ஷாஹ்' என்றால் அரசன். சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து என எச்சரிக்கும் இச்சொல், அரபு, பிரெஞ்சு மொழிகளைக் கடந்து ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. பின்னர் தடுத்தல், சரிபார்த்தல் என அதன் பொருள் விரிந்தது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'செக்' எனப்பட்டது கிழித்துக் கொடுக்கும் தாள் அல்ல, கையில் மிஞ்சும் அடிக்கட்டை. மோசடி நடந்தால் சரிபார்க்க அதுவே சாட்சி. பிறகுதான் அப்பெயர் தாளுக்கு வந்தது.

இதை நான் அறிந்தது நட்டப்பட்ட பின்புதான். மீனவர்களின் கணக்கைக் கடன் கொப்பியில் ஒழுங்காக எழுதும் நான், அடிக்கட்டைகளை வெறுமையாக விட்டிருந்தேன். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து, வள்ளங்கள் கரையேறிய மாதம் அது. கடன் வசூல் இல்லை. நான் மறந்துவிட்ட செக் ஒன்று வங்கிக்குப் போய், பணமின்றித் திரும்பியது. தொகையைப் பிறகு கட்டிவிட்டேன். ஆனால் சரக்கு தந்தவர் அதன்பின் எனக்குக் கடன் தரவில்லை.

எனக்கு நேர்ந்தது மறதி. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே செக் எழுதுவதோ, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி குற்றம்.

ஆகவே சகோதரர்களே, தாளைக் கிழிக்கு முன் திகதி, பெயர், தொகை, மீதி ஆகிய நான்கையும் அடிக்கட்டையில் எழுதுங்கள். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். கொடுத்த வாக்கும் ஓர் அமானிதமே. அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.