கைராசியா, கவனிப்பா?

"அந்த டாக்டருக்கு நல்ல கைராசி. ஒரே ஒரு ஊசிதான் போட்டார், காய்ச்சல் பறந்துவிட்டது!"

சோனகதெருவிலும் ஐந்து சந்தியிலும் நாலு பெண்கள் கூடினால் டாக்டரைப் பற்றிய பேச்சு இப்படித்தான் போகிறது. டிஸ்பென்சரி வாசலில் எத்தனை சோடிச் செருப்புக் கிடக்கிறது என்பதை வைத்தே டாக்டரை எடை போட்டுவிடுகிறோம். கறிக்கு மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கிற நாம், உயிர் விஷயத்தில் ஊர் வாயை மட்டும் நம்பலாமா?

மழைக்காலக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் டெங்குவும் கூடவே வந்துவிடும். 2017இல் இலங்கை முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு என்று பதிவானார்கள். இந்தக் காய்ச்சலுக்கு உடனே சுகம் தருகிற ஊசியோ குளிசையோ கிடையாது. பரசிட்டமோல், நீராகாரம், ஓய்வு, விடாத கண்காணிப்பு, இவ்வளவுதான் வைத்தியம். காய்ச்சலை விரட்ட டைக்குளோபினாக், புரூபன், அஸ்பிரின் வகைகளைக் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடும் ஆபத்து உண்டு. இன்னொன்று, காய்ச்சல் இறங்குகிற நேரமே டெங்குவில் ஆபத்தான நேரம். பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நாம் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஆறுதலடையும் வேளையில், உள்ளே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கலாம்.

ஆகவே காய்ச்சலோடு போகிற நாளில் டாக்டரைக் கவனியுங்கள். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்று கேட்டாரா? மூன்றாம் நாளாகியும் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னாரா? வாந்தி நிற்காவிட்டால், வயிறு வலித்தால், கை கால் சில்லிட்டால், சலம் போவது குறைந்தால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றாரா? இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் "எல்லாம் சரியாகிவிடும்" என்று ஊசி போட்டு அனுப்புகிறவரைவிட, ஊசி வேண்டாம் என்று மறுத்து, நாளைக்கும் கொண்டு வாருங்கள் என்கிறவரே மேல். ஆனால் நம் பெண்களில் பலர், ஊசி போடாத டாக்டர் வேலை தெரியாதவர் என்று அடுத்த டிஸ்பென்சரிக்கு நடந்துவிடுகிறார்கள்!

அடுத்தது குளிசை உறை. பல டிஸ்பென்சரிகளில் டாக்டரே மருந்தும் தருவதால் கையில் துண்டு கிடைப்பதில்லை. சின்ன உறைகளில் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று குளிசைகள். மேலே காலை 1, இரவு 1 என்று மட்டும் எழுதியிருக்கும். மருந்தின் பெயர் இராது.

இது வேறு எவரையும்விட நம்மைப் பாதிக்கிற விஷயம். 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். காணி உறுதியும் கொண்டுவர முடியாமல் வந்த சனம், கிளினிக் கொப்பியையா கொண்டுவந்திருக்கும்? குடும்பத்தின் வருத்தங்களை அறிந்த டாக்டரும் போனார், எழுதி வைத்த பதிவும் போயிற்று. 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பிவந்தாலும், மகள் புத்தளத்தில், மகன் யாழ்ப்பாணத்தில் என்று இரண்டு ஊரில் வாழும் குடும்பங்கள் இன்றும் எத்தனையோ. பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள உம்மா அங்கே மூன்று மாதம், இங்கே மூன்று மாதம். லொசாட்டன் என்ற ஒரே பிரஷர் மருந்து பல கம்பனிப் பெயர்களில், பல நிறத்தில் வருகிறது. பெயர் தெரியாவிட்டால் புத்தளத்தில் தந்ததையும் யாழ்ப்பாணத்தில் தந்ததையும் சேர்த்து விழுங்கி, தலைசுற்றி விழ நேரலாம். "டாக்டர், மருந்தின் பெயரையும் அளவையும் இந்தக் கொப்பியில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. அதற்கு முகம் சுளிக்கிற டாக்டரைப் பற்றி நீங்களே முடிவுசெய்யலாம்.

வைத்தியரை அளந்து பார்ப்பது நம் சரித்திரத்தில் புதியதல்ல. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்தால் அதன் பொறுப்பு அவரையே சாரும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கருத்து அபூதாவூத் தொகுப்பில் இருக்கிறது. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி இறந்தபோது, கலீபா முக்ததிர், சினான் இப்னு தாபித்திடம் தேர்ந்தவர்களே இனி வைத்தியம் செய்யலாம் என்று கட்டளையிட்டார். 800க்கு மேற்பட்டோர் அந்தச் சோதனைக்கு வந்ததாக வரலாறு. இன்று டாக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்திய நிலையமும் பதியப்பட வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை வாசிப்பது குற்றமல்ல.

பெண்களுக்கென்று தனியாகச் சில உண்டு. பரிசோதிக்கும் இடத்தில் திரை இருக்கிறதா, துணைக்கு வந்த உம்மாவையோ ராத்தாவையோ கூட இருக்க விடுகிறாரா என்று பாருங்கள். உள்ளே போனதும் கணவரே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட, நோயாளி வாய் திறக்காமல் வெளியே வருவது நம் வீடுகளில் சாதாரணம். நல்ல டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்பார். சொல்லக் கூச்சமான விஷயம் என்றால் பெண் டாக்டரைத் தேடுங்கள். 35 வயதானவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைக் கேளுங்கள். மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து, பிரஷர், சீனி எல்லாம் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

டாக்டர் சொல்வது நமக்கு விளங்காது என்று ஒதுங்குவதும் சரியல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் தந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு, வருத்தத்தைத் தமிழில் விளக்கச் சொல்ல நாம் தயங்குவானேன்?

நோன்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பே சீனி வருத்தக்காரர்கள் டாக்டரிடம் போங்கள். காலைக் குளிசையை ஸஹருக்கா, இப்தாருக்கா எடுப்பது, அளவைக் குறைப்பதா, இன்சுலின் போடுகிறவர் நோன்பு பிடிக்கலாமா, எந்த நிலையில் நோன்பை விட வேண்டும் என்பதையெல்லாம் கேட்டு, அதே கொப்பியில் எழுதி வாங்குங்கள். புத்தளத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பியை உம்மாவின் பையில் மறக்காமல் வைத்துவிடுங்கள்.