எங்கே வசிக்கிறோம்?

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மை ஓயாது தொடரும் வினா, ‘எங்கே வசிக்கிறீர்கள்?’ என்பதாகும். அடுத்த வீட்டார் கேட்டால் விடை எளிது. ஆங்கில விண்ணப்பத் தாள் கேட்கும்போதோ, அவ்வொரு வினாவே பல உருக்கொண்டு நம்மை மயக்குகிறது.

பேச்சில் வழங்குஞ் சொல் ‘லிவ்’. ‘ஸ்டே’ என்பதை இங்கிலாந்தில் பெரும்பாலும் சில நாள் தங்குவதற்கே ஆள்வர். நம்மவரோ முப்பது ஆண்டு குடியிருந்தும் ‘தாதரில் ஸ்டே செய்கிறேன்’ என்பர். ‘நேட்டிவ் பிளேஸ்’ என்பது நமது சொந்த ஊரே. இச்சொற்கள் உறவாடப் போதும். உரிமை கோரப் போதா.

உரிமைக்குரியவை ஏட்டுச் சொற்கள். ‘ரெஸிடென்ஸ்’ என்பது உள்ளபடி குடியிருக்கும் இடம். வீட்டைக் குறிக்கும் ‘டோமுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிற் பிறந்த ‘டொமிஸைல்’, நிலையாக வாழும் எண்ணத்தோடு ஒருவர் சட்டப்படி சார்ந்துள்ள நாட்டைச் சுட்டுவது. இந்தியருக்கு டொமிஸைல் இந்தியா ஒன்றே. மாநிலந்தோறும் வெவ்வேறில்லை என்று 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2025-இலும் அதனை வலியுறுத்தியது. ஆயினும் மாநில அலுவலகங்கள் அச்சொல்லை நெடுநாள் வாசம் என்ற பொருளிலேயே வழங்குகின்றன. மகாராஷ்டிரத்தில் அச்சான்று பெறப் பொதுவாக 15 ஆண்டு வாசத்தைக் காட்டல் வேண்டும். தமிழ்நாட்டில் கேட்பதோ ‘நேட்டிவிட்டி’ சான்று. தந்தையின் மாற்றல் உத்தரவோடு ஊர் ஊராகச் சென்று பயின்ற பிள்ளைக்கு, கல்லூரியில் இடங்கோரும் வேளையில், இங்கே ஆண்டு போதவில்லை. அங்கே சான்று இல்லை என்ற இடர் நேர்கிறது.

வாக்குரிமைக்கு வேறொரு சொல். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ‘ஆர்டினரிலி ரெஸிடென்ட்’, அதாவது வழக்கமாக வசிப்பவர் என்கிறது. ஊரில் வீடு உண்டு என்பது மட்டும் அதற்குப் போதாது. சில காலம் வெளியே சென்றதனால் மட்டும் அத்தகுதி நீங்குவதும் இல்லை. ஒருவர் பெயர் இரு தொகுதிகளில் இருத்தலும் ஆகாது. ஊர்ப்பற்றால் பெயரை அங்கேயே விட்டுவைத்து, தேர்தல் நாளில் இங்கேயே இருந்துவிடும் நம்மவர் எத்துணைப் பேர்! தெருவிளக்கும் குடிநீரும் நமக்கு வேண்டுவது இவ்வூரில் அன்றோ?

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சான்றுகள், மின்கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் காத்துவைத்தல் நலம். பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பை எட்டும்போதே எந்த மாநிலத்தின் சான்று கிட்டும் என்று விசாரித்தறிதல் அதனினும் நலம். விண்ணப்பத்தில் ஐயம் நேரின், தாளில் கையொப்பமிடுமுன் விவரம் அறிந்தோரை அணுகிக் கேட்க அன்பர்கள் தயங்கவேண்டாம்.