துளைகளில் வளரும் தோல்

உடம்பில் மிகப் பெரிய உறுப்பு எது என்று கேட்டால் நம்மில் பலர் கல்லீரல் என்போம். உண்மையில் தோல்தான் அது. உடலின் நீரை உள்ளே காத்து, நோய்க் கிருமிகளை வெளியே நிறுத்தும் இந்த மதில் பாதிக்கு மேல் தீயில் எரிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிறிய புண் என்றால் தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டுவர். எடுப்பதற்கே தோல் இல்லாதவருக்கு என்ன செய்வது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜான் பர்க், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அயானிஸ் யானஸ் ஆகிய இருவரும் இதற்கு விடை தேடினர். செயற்கைத் தோல் என்றதும் ரப்பர் கையுறை போல ஓட்டையே இல்லாத உறையைத்தான் நாம் நினைப்போம். அவர்கள் செய்ததோ துளைகள் நிறைந்தது!

அதில் இரண்டு அடுக்குகள். மேலே, நீர் வெளியேறாமல் தடுக்கும் மெல்லிய சிலிக்கோன் தாள். கீழே, மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதமும் சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேர்ந்த அடுக்கு. துளைகள் இந்தக் கீழ் அடுக்கில்தான். அவற்றை யாரும் ஊசியால் குத்துவதில்லை. கொலாஜன் கூழை உறைய வைத்தால் அதனுள் பனிக்கட்டிப் படிகங்கள் உண்டாகும். பிறகு சுற்றிலும் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால், பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிவிடும். அலமாரியில் வைத்த பாச்சை உருண்டை கரைகிறதே, அதே பதங்கமாதல்தான். பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் துளையாகிறது, இட்லியைப் பிட்டால் தெரியும் கண்களைப் போல. ஆனால் இவை ஏறக்குறைய நம் தலைமயிரின் பருமனே உள்ளவை.

இந்த அளவு மிக முக்கியம். துளை மிகச் சிறியதானால் செல்கள் உள்ளே நுழைய முடியாது. மிகப் பெரியதானால் பற்றிக்கொள்ளப் போதிய பரப்பு இராது. சரியான துளைகளுக்குள் புண்ணின் அடியிலிருந்து செல்களும் இரத்தத் தந்துகிகளும் ஏறி வருகின்றன. கொத்தனார் சாரத்தில் நின்று சுவர் எழுப்புவது போல அவை புதிய உள்தோலைக் கட்டுகின்றன. கட்டக் கட்டச் சாரமும் தானே கரைந்துவிடுகிறது! பின் சிலிக்கோன் தாளை உரித்து, நோயாளியின் சொந்த மேல்தோலையே 0.1 மில்லிமீட்டர் கனத்தில் சீவி ஒட்டுவர். அவ்வளவு மெல்லியதாக எடுப்பதால், எடுத்த இடம் விரைவில் ஆறிவிடும்.

உடலில் 50 முதல் 95 சதவீதம் வரை எரிந்திருந்த 10 பேருக்கு இதைப் பயன்படுத்திய விவரம் 1981-இல் வெளியாயிற்று. 1996-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது.

ஒரு குறை உண்டு. இப்படி வளர்ந்த தோலில் மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் வருவதில்லை. எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த இடம் வியர்க்காது. அவற்றையும் வளர்க்கும் ஆராய்ச்சி இன்னும் நடந்து வருகிறது.