சூரியனில் கறை! தர்மபுரியில் மழை குறையுமா?

சந்திரனில் கறை இருப்பது குழந்தைகளுக்கும் தெரியும். சூரியனிலும் கறை உண்டு! பூமியைவிடப் பெரிய கறைகளும் அதில் தோன்றுவது உண்டு.

அந்தக் கறைக்கும் தர்மபுரியில் பெய்யும் மழைக்கும் சம்பந்தம் உண்டா? அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது.

தாது வருஷப் பஞ்சம்

1876-ம் ஆண்டு மழை பொய்த்தது. ஏரிகள் வறண்டன. பயிர்கள் கருகின.

தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல்தான். அப்போது அது சேலம் ஜில்லாவில் இருந்தது. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1878 வரை நீடித்த பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டனர்.

பழி சூரியன் மேல்!

சூரியக் கறைகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறையும். பஞ்ச காலத்தில் கறைகள் மிகவும் குறைந்திருந்தன.

"கறை குறைந்தால் மழையும் குறையும்" என்ற கருத்தை லாக்கியர், ஹண்டர் என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் 1877-ல் எழுதினார்கள். சூரியனை ஆராயும் ஆர்வம் வளர்ந்தது. 1899-ல் கொடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் அமைக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள்.

உண்மை என்ன?

1978 முதல் செயற்கைக் கோள்கள் சூரிய ஒளியை அளந்து வருகின்றன. கறை கூடினாலும் குறைந்தாலும், ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான்! கறையை எண்ணி மழையைச் சொல்ல முடியாது.

1877-ல் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறி இருந்தது. 'எல் நினோ' என்பது இதன் பெயர். பருவமழை கெட்டதற்கு இது முக்கிய காரணம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இன்னொன்றும் உண்டு. இங்கே மக்கள் பட்டினி கிடந்தபோது, தானியம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது! அது சூரியன் செய்த குற்றம் அல்ல.

இன்று பூமி சூடாவதற்கும் சூரியன் காரணம் இல்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் சூரிய ஒளி கூடவில்லை. பூமியின் வெப்பமோ கூடிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கரியமில வாயுவே முக்கிய காரணம்.

தர்மபுரியில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. அங்குள்ள விவசாயி சூரியனின் கறையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெய்கிற மழையை ஏரியில் தேக்கினால் போதும். பாதிக் கவலை தீரும்!