பெயர் தெரியாத செடியைக் காப்பது எப்படி?
காட்டு உருளைக்கிழங்கும் மரபணு வங்கியும்

கல்யாண விருந்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல். மாலையில் தேநீரோடு கறிபாப். உருளைக்கிழங்கு இல்லாத ஒரு வாரத்தை நம்மில் எத்தனை பேர் கடந்திருப்போம்? ஆனால், அந்தக் கிழங்குக்குக் காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உறவினர்கள் உண்டு என்பது பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பாடம் எடுக்கும்வரை எனக்குத் தெரியாது.

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மொழி மாறியது. ஆகவே இக்கட்டுரைக்காக 'சிற்றினம்', 'மரபணு வங்கி' போன்ற சொற்களை மீண்டும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பெயர்களைத் தேடிய அந்த வேளையில்தான் ஒன்று புரிந்தது: காட்டு உருளைக்கிழங்கைக் காப்பவர்களின் பெரிய சிக்கலும் பெயர்தான்.

கசக்கும் கிழங்கு நமக்கு எதற்கு?

காட்டு உருளைக்கிழங்குகள் அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து அர்ஜெண்டினா, சிலி வரை 16 நாடுகளில் வளர்கின்றன. பெரும்பாலானவற்றின் கிழங்கு சிறியது, கசக்கும், நச்சும் உண்டு. பிறகு ஏன் இந்த அக்கறை?

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கு ஏழைகள் 'லம்பர்' என்ற ஒரே வகையைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். கிழங்கை வெட்டி நட்டு வளர்ப்பதால் செடிகள் யாவும் ஒரே அச்சு. 1845இல் பின்கருகல் நோய் வந்தபோது அவற்றுள் எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர்.

அந்த நோயை எதிர்க்கும் ஆற்றல் காட்டில் இருந்தது. மெக்சிகோவின் சொலானம் டெமிசம் என்ற சிற்றினத்திலிருந்து எதிர்ப்பு மரபணுக்களை எடுத்து வீட்டு உருளைக்கிழங்கோடு கலந்தார்கள். நோய்க்கிருமியோ விரைவில் தன்னை மாற்றிக்கொண்டு அவற்றை வென்றது. 2003இல் சொலானம் பல்போகாஸ்டானம் என்ற மற்றொரு மெக்சிகோ சிற்றினத்திலிருந்து வேறொரு எதிர்ப்பு மரபணுவைப் பிரித்தெடுத்தனர். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் நமக்கும் புதிய ஆயுதம் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆயுதக்கிடங்கு அந்தக் காட்டுச் செடிகள்தாம்.

மலையிலிருந்து வங்கிக்கு

1939இல் பிரிட்டிஷ் குழு ஒன்று தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் எட்டு மாதங்கள் அலைந்து உருளைக்கிழங்குகளைச் சேகரித்தது. அக்குழுவில் இருந்த ஜாக் ஹாக்ஸ் பயணம் தொடங்கியபோது 23 வயது இளைஞர். அன்று சேகரித்தவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் ஸ்காட்லாந்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சேகரிப்பவர் தேடுவது கிழங்கை மட்டுமல்ல. உருளைக்கிழங்குச் செடி சிறு பச்சைத் தக்காளி போன்ற காய்களைக் காய்க்கும். அதற்குள் இருக்கும் விதைதான் முக்கியம். ஒரே செடியில் பறித்தால் போதாது. அவ்விடத்துச் செடிகள் பலவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒரு கிளையைத் தாளில் அழுத்தி உலர்த்தி, இடம், உயரம், மண், நாள் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத விதை முகவரி இல்லாத கடிதம். 1993இல் நடப்புக்கு வந்த உயிரியல் பன்முக உடன்படிக்கைக்குப் பிறகு, அந்தந்த நாட்டின் அனுமதியும் வேண்டும்.

வங்கியில் விதையைக் கழுவி, உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் அடைத்து, உறைநிலைக்குக் கீழே சுமார் 20 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கிறார்கள். அப்படியே பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். இடையிடையே சிலவற்றை முளைக்க வைத்துச் சோதிப்பார்கள். இருப்பு குறைந்தால் மீண்டும் பயிரிட்டு, கையாலேயே மகரந்தம் சேர்த்துப் புதிய விதை எடுப்பார்கள்.

220 எப்படி 107 ஆனது?

இப்போது பெயருக்கு வருவோம். ஹாக்ஸ் தம் வாழ்நாள் ஆய்வைத் தொகுத்து 1990இல் வெளியிட்ட நூலில் 220க்கும் மேற்பட்ட காட்டுச் சிற்றினங்களை ஏற்றார். 2014இல் டேவிட் ஸ்பூனரும் அவர்தம் குழுவினரும் அதை 107ஆகக் குறைத்தனர். மீதிச் செடிகள் அழிந்துவிட்டனவா? இல்லை. பெயர்கள்தாம் ஒன்றிணைந்தன.

காரணம் எளிது. ஒரே செடி நிழலில் பெரிய இலையும் வெயிலில் சிறிய இலையும் விடும். வெவ்வேறு மலைகளில் கண்டவர்கள் வெவ்வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள உருளைக்கிழங்கு மரபணு வங்கி அவற்றுள் ஒரு தொகுதியை ஒரே நிலத்தில் அருகருகே நட்டு வளர்த்துப் பார்த்தபோது, பல 'சிற்றினங்களை'ப் பிரித்துக் காட்டும் எல்லை தெரியவில்லை. பின்னர் டி.என்.ஏ. ஆய்வும் துணை நின்றது. சிக்கல் இன்னும் உண்டு: இச்செடிகள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும், குரோமோசோம் எண்ணிக்கையும் 24 முதல் 72 வரை வேறுபடும்.

இதை வெறும் ஏட்டுச் சண்டை என்று எண்ணிவிடக்கூடாது. ஒரே செடிக்கு ஐந்து பெயர் இருந்தால், வங்கி ஒன்றையே ஐந்து முறை காக்கும். வெவ்வேறு செடிகளை ஒரே பெயரில் அடக்கினால், "நம்மிடம்தான் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருக்கும்போதே ஒரு மலைச்சரிவின் செடி அழிந்துபோகும். எது நம்மிடம் இல்லை என்று அறிவதற்கே சரியான பட்டியல் வேண்டும். புதிய வகைப்பாட்டைக் கொண்டு 73 காட்டுச் சிற்றினங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 32ஐ உடனடியாகச் சேகரிக்க வேண்டியவை என்றது. மேய்ச்சலும் விளைநிலமும் சாலையும் மலைகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

நம் மண்ணில்

இக்கதை ஆண்டிஸ் மலையோடு முடிவதில்லை. நம் மலாக்காவின் பெயரைத் தாங்கிய மலாக்கென்சிஸ் என்னும் காட்டு வாழையின் மரபணு ஒன்று, வாழையைச் சாய்க்கும் வாடல் நோயை எதிர்க்கிறது என்று 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். விதை நிறைந்த, யாரும் உண்ணாத வாழை அது.

ஹாக்ஸ் பயணம் தொடங்கியபோது இருந்த வயதை நான் அடைய இன்னும் ஓராண்டு இருக்கிறது. நம்மில் யாராவது ஒருவர் இத்துறைக்குப் போகலாம். போகாதவர்களும் அடுத்த முறை சாலையோரத்துக் காட்டுச் செடியை வெட்டும் முன், அதன் பெயரைக் கேட்கலாம்.