காத்திருக்கும் மாதங்களில் ஒரு திருப்பணி

உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வெளியாகி, வெட்டுப்புள்ளி அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்வரை நம் பிள்ளைகள் கடக்க வேண்டிய மாதங்கள் பல. எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ கம்மடுவையிலோ, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஒரு மாணவனிடம், "தம்பி, இப்போது என்ன செய்கிறீர்?" என்று கேட்டுப் பாருங்கள். "சும்மா இருக்கிறேன்" என்பான். அல்லது, வீட்டு வறுமைக்காகக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போயிருப்பான். பின்னவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. முன்னவனுடன்தான் இன்று சற்றுப் பேச விரும்புகிறோம்.

உயர்கல்விக்கு முன் தொண்டு என்பது உலகில் புதிதன்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், அனுமதி பெற்ற மாணவர் சிலரை வகுப்பு தொடங்குமுன் ஒன்பது மாதங்கள் பிற நாடுகளில் தொண்டாற்ற அனுப்பும் திட்டத்தை 2009இல் ஆரம்பித்தது. அதன் முதல் அணியினருள் சிலர் சென்ற இடம் நமக்கு அண்மையிலுள்ள காசி நகராகும். நம் நாட்டிலோ 1958ஆம் ஆண்டிலேயே கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனதொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். ஊராருடன் தங்கி உழைத்த அந்தச் சிரமதான முகாமே சர்வோதய இயக்கத்தின் வித்து.

மற்றொரு முயற்சியும் நினைவுக்கு வருகிறது. 2011 மே மாதத்தில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோருக்கு மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சியை அரசு இராணுவ முகாம்களில் தொடங்கியது. மாணவர் அமைப்புகள் அதை எதிர்த்தன. கட்டளைக்குப் பணியக் கற்பது வேறு; அயலவனின் தேவையைக் கண்டு தானாகவே குனியக் கற்பது வேறு. பின்னதை எந்த முகாமும் கட்டாயத்தால் கற்பிக்க முடியாது.

மாத்தளைப் பிள்ளைகளுக்கு இதில் தனியொரு கடன் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடி வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாத்தளைப் பிள்ளை ஏ-9 வீதியில் பஸ் ஏறி, அதே தம்புள்ளையைக் கடந்து வடக்கே செல்கிறது. எழுத்தறியாதவர்கள் நடந்து வந்த திசைக்கு எதிரே, புத்தகப் பையுடன் அவர்களுடைய பேரப்பிள்ளை போகிறது. இது ஒருவர் உழைப்பால் மட்டும் கிடைத்த பேறன்று.

அக்கடனைத் தீர்க்கப் பெருந்தொகை வேண்டியதில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாததால் படிப்பு நின்றுபோகும் பிள்ளைகள் அடுத்த லயத்திலேயே இருக்கிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுடன் உட்காரலாம். சிங்களத்தில் வந்த அலுவலகக் கடிதத்தை வாசிக்க ஆளின்றி மடித்து வைத்திருக்கும் பாட்டிக்கு அதை விளக்கலாம். சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நின்றது. மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவு வீடுகளை விழுங்கியது. அத்தகைய வேளையில் பெறுமதி மிக்கவை அயலிலுள்ள இளம் கைகளே. ஆனால் எதைச் செய்யுமுன்னும், "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்க வேண்டும். கேளாமல் செய்யும் உதவி பலவேளை நமது பெருமைக்கே உதவுகிறது.

அன்பான இளைஞரே, பகிடிவதையை 1998ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்தது. ஆயினும் அது ஒழிந்தபாடில்லை. மூத்தவன் என்றால் அடக்கி ஆள்பவன் என்ற எண்ணம் ஒழியாததே காரணம். இறுதி இராவுணவின்போது இயேசு இடுப்பில் துணி கட்டி, சீடரின் பாதங்களைக் கழுவினார். குருவே குனிந்த அந்த இரவில், பெரியவன் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அயலவன் முன் குனிந்து பழகியவன், நாளை தனக்கு இளையவனை முழந்தாளிடச் செய்யத் துணியான்.

பட்டம் பெற்றபின் ஊருக்குச் செய்வேன் என்று பலர் சொல்லிச் செல்கின்றனர். திரும்பி வருவோர் சிலரே. ஆகவே, புறப்படுமுன் செய்யுங்கள். காத்திருக்கும் இம்மாதங்கள் வீணாய்ப்போன காலமல்ல. உங்கள் கையில் தரப்பட்ட தாலந்து. அதைப் புதைத்து வைக்காதிருக்க இறைவன் உங்களுக்கு அருள்புரிவாராக.